ஒரு துண்டு மடிக்கும் நேரம்

அந்த வீட்டில் யாரும் செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றிப் போட முடியாது. அடுக்களையிலிருந்து உள்ளறை வரைக்கும் தரையில் ஒரு துரும்பு கிடந்தால் போதும், அம்மாக்காரி வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். அந்த வழி காலியாக இருக்க வேண்டும். உள்ளறையில் பட்டாணி படுத்திருக்கிறாள். அவள் தலைமாட்டில் மூச்சு மெஷின். அது எப்போது கத்தும் என்று அதற்கே தெரியாது.

பட்டாணி என்பது கூப்பிடுகிற பெயர். வயது பத்து, பார்த்தால் ஆறு என்பார்கள். பிறந்ததிலிருந்தே தசைகளில் பலமில்லை. தொண்டைக்குக் கீழே ஒரு துளை, துளையில் குழாய், குழாயிலிருந்து மெஷினுக்கு ஒரு நெளிநெளியான ஹோஸ். மெஷின் மூச்சைத் தள்ளும்போதுதான் அவளுக்குக் குரல் வரும், அதனால் எதைச் சொன்னாலும் நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்வாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாலும் வாய் என்னவோ ஊரை விற்றுவிடும். சளி வந்து குழாயை அடைத்துக்கொண்டால் மூச்சும் போய்விடும், குரலும் போய்விடும். அப்போது அவளுக்காக மெஷின் கத்தும். சின்னதாக மூன்று தடவை, அப்புறம் நீளமாக ஒரு தடவை.

அந்த நீளக் கத்தல் முடிவதற்குள் அம்மா கட்டிலருகே நிற்பாள். குளித்துக்கொண்டிருந்தால் சோப்பு நுரையோடு நிற்பாள். தூக்கத்தில் இருந்தால் கண் திறக்கும் முன்பே கால் தரையைத் தொட்டிருக்கும். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. லாரியோடு ஊர் ஊராகப் போகிற அப்பா நிம்மதியாக ஸ்டியரிங்கைப் பிடிப்பதும், பட்டாணி படுத்ததும் குறட்டை விடுவதும் அந்தக் காலை நம்பித்தான்.

உள்ளறையில் ஒரு பீரோ, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதைக் கொஞ்சம் கோணலாகத் திறந்து வைத்திருப்பார்கள். கட்டிலில் படுத்தபடியே பட்டாணிக்கு அடுக்களையில் அம்மா உட்கார்ந்து வேலை செய்வது தெரியும். அம்மா தலையை நிமிர்த்தினால் பட்டாணியின் முகம் தெரியும். பாதி நாள் அவர்கள் பேசிக்கொள்வதே அந்தக் கண்ணாடி வழியாகத்தான்.

இப்படி இருக்கிற வீட்டுக்கு ஒரு மத்தியானம் டைரக்டர் வந்தார். நாடகத்தைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசினாலும் கொட்டாவி விடுகிற மனிதர். பட்டாணி பிறப்பதற்கு முன்னால் அவருடைய நாடகக் குழுவில் அம்மாதான் கதாநாயகி.

"ஒரு நாடகம் எழுதியிருக்கேன்மா. ஒரு அம்மா. படுத்த படுக்கையா ஒரு குழந்தை. அவ்வளவுதான், வேற ஆளே கிடையாது. நீ பண்ணலன்னா கிழிச்சுப் போட்டுடுவேன்."

அடுக்களை வாசலில் நின்றிருந்த தங்கை, அதாவது பட்டாணியின் சித்தி, முந்திக்கொண்டாள். "வீட்ல பாக்கறது பத்தலன்னு மேடையில வேற ஒரு ஷிப்டா?"

சித்தி அடுத்த தெருவில் இருக்கிறாள் என்று பெயர். பொழுது விடிந்தால் இங்கேதான். மெஷினைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்த அத்தனையும் அவளுக்கும் தெரியும். நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அக்கா. சும்மா சொன்னாள். அவர் வாசலில் நின்று குரல் கொடுத்தபோதே அவள் மனசு ஒப்புக்கொண்டுவிட்டது. மேடை வேண்டும்போல் இருந்தது அவளுக்கு, பசிக்கிற மாதிரி. முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், நாலு பேர் தன்னையே பார்க்க வேண்டும், கொஞ்ச நேரம் தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும். பிள்ளையை இப்படி வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் ஆசைப்படுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அதனால் பட்டாணியிடம் கேட்டாள். பட்டாணி, "போம்மா... நான் என்ன... ஓடியா போயிடப் போறேன்?" என்றாள்.

ஒத்திகை சாயங்காலங்களில், ஒரு அச்சகத்தின் மாடியில் நடந்தது. கீழே அச்சு மெஷின் ஓடும்போது தரை லேசாக அதிரும், காகித வாசனை வரும். ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். போர்வைக்குள் துணிப் பொம்மை. பக்கத்தில் ஒரு ஸ்டூல், மடிக்காத துண்டுகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் கூடை. அலாரம் மட்டும் அசல். சவுண்டு பார்க்கிறவர் வீட்டுக்கே வந்து, மெஷினின் சோதனைப் பட்டனை அமுக்கச் சொல்லி அந்தக் கத்தலைப் பதிவு செய்துகொண்டு போயிருந்தார். பட்டாணி கெஞ்சினாள் என்று அவளுடைய டேப்லெட்டிலும் அதைப் போட்டுக் கொடுத்தார். தன் மெஷின் நடிக்கப் போகிறது என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

நாடகத்தின் உச்சக் காட்சியை டைரக்டர் விளக்கினார்.

"துண்டு மடிச்சிட்டிருக்கே. அலாரம் அடிக்குது. நீ எந்திரிக்கல. கட்டில் பக்கம் பாக்கவும் இல்ல. கையில இருக்கற துண்ட ஓரத்தோட ஓரம் சேத்து, நிதானமா மடிச்சு, அடுக்குல வைக்கறே. அப்புறம்தான் எந்திரிக்கறே. ஒரே ஒரு துண்டு. மொத்த நாடகமும் அந்தத் துண்டுலதான் இருக்கு."

"எந்த அம்மா சார் அப்படி உக்காந்திருப்பா?"

"உனக்கு ஒரு நாள்கூட அப்படித் தோணினதில்லையா?"

"இல்ல," என்றாள் அவள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. டைரக்டர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி, ஆரம்பிக்கலாம் என்றார்.

அலாரம் அடித்தது. அவள் எழுந்து கட்டிலருகே நின்றாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மறுபடியும் அடித்தார்கள். மறுபடியும் நின்றாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஸ்டூலோடு எழுந்தாள். சவுண்டு பார்க்கிறவர் சிரித்துவிட்டார். டைரக்டர் சிரிக்கவில்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன, கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதாக இல்லை. வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து இதை ஒரு தமாஷாகத்தான் பட்டாணியிடம் சொன்னாள். பட்டாணியின் கண் பளபளத்தது.

"நான் கத்துத் தரேன்," என்றாள். "நீ துண்ட எடுத்துட்டு... அங்க போய் உக்காரு."

அப்படித்தான் ஆரம்பித்தது. பட்டாணிக்குக் கை தூக்க வராது, ஆனால் டேப்லெட்டைத் தொட ஒரு விரல் போதும். "ஒத்திகை!" என்று சொல்லிவிட்டு அலாரத்தைத் தட்டுவாள். அம்மா அடுக்களையில் முக்காலியில் உட்கார்ந்து துண்டு மடிக்க வேண்டும். பட்டாணி கண்ணாடியில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள்.

"கால் ஆடிச்சு. அவுட்."

"நான் எங்கடி ஆட்டினேன்?"

"கட்டை விரல்... ஆடிச்சு. நான் பாத்தேன். திரும்பவும்."

கண்ணாடியைப் பார்த்தால் அவுட். உதட்டைக் கடித்தால் அவுட். பட்டாணி பொல்லாத வாத்தியார். பிறந்ததிலிருந்து எல்லாரும் அவளுக்கே எல்லாம் செய்துகொண்டிருந்தார்கள். இப்போதுதான் அவள் ஒருத்திக்கு ஒன்றைச் செய்து தருகிறாள். அம்மாவும் பெண்ணும் வயிறு வலிக்கச் சிரித்த நாட்கள் அவை. இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

சித்திக்கு இது அறவே பிடிக்கவில்லை. "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சாக்கா? உன் கால் அப்படி ஓடறதாலதான் இவ உசுரோட இருக்கா. அந்தக் காலப் போயா கட்டிப் போடறே?"

"நடிப்புடி இது. நிஜத்துக்கும் நடிப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். உன் காலுக்குத் தெரியுமா?"

சித்தி பேசினால் பேசிக்கொண்டே இருப்பாள் என்று அக்கா விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

ஏனென்றால் கால் கற்றுக்கொண்டது. அச்சகத்து மாடியில் ஒரு சாயங்காலம் அலாரம் அடித்தபோது அவள் உட்கார்ந்தே இருந்தாள். துண்டின் ஓரம் ஓரத்தோடு சேர்ந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு சத்தம் அடங்கின மாதிரி இருந்தது. துண்டை அடுக்கில் வைத்துவிட்டு எழுந்தாள். டைரக்டர் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு, "இதுதான்," என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதே வாரத்தில், காலை வேளையில், மெஷின் நிஜமாகவே கத்தியது. அவள் போனாள், சளியை எடுத்தாள், எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். குழாய் சுத்தமாகிக் குரல் வந்ததும் பட்டாணி சாதாரணமாகச் சொன்னாள்.

"இன்னைக்கு... லேட்டும்மா."

"என்னடி லேட்?"

"நீளமா கத்தறது... முடிஞ்சு போச்சு. அப்புறம்தான்... வந்தே."

அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன், அதனால்தான் என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. தன் வாயில் வந்த அந்தப் பொய்யை அவள் கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நாடகத்துக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அதில் அவள் படம் இருந்தது. அவள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் பட்டாணிதான் அந்த யோசனையைச் சொன்னாள். "நான் ஒத்திகைன்னு... சொல்லிட்டு அடிச்சா... நீ ரெடியா உக்காந்துடறே. சொல்லாம அடிச்சா... நீ உக்காருவியா?"

அம்மா தயங்கினாள். நிஜமாகவே தயங்கினாள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேடையில் யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டார்களே என்று அவளுக்கும் தோன்றியது. இரண்டு நிபந்தனை போட்டாள். சித்தி வீட்டில் இருக்கும்போதுதான் அடிக்க வேண்டும். ஒரு துண்டு மடிக்கிற நேரம்தான். மடித்து முடித்ததும் நிறுத்திவிட்டு, "சபாஷ்" என்று கத்த வேண்டும்.

"சித்திகிட்ட... சொல்லவா?"

"வேண்டாம்டி. அவ சாமியாடுவா."

இரண்டு நாட்கள் அப்படி நடந்தது. சொல்லாமல் அலாரம் அடிக்கும். கூடத்தில் இருக்கிற சித்தி அதையும் வழக்கமான ஒத்திகை என்று நினைத்துப் பல்லைக் கடிப்பாள். அம்மா அசையாமல் துண்டை மடிப்பாள். கத்தல் நிற்கும். உள்ளிருந்து "சபாஷ்!" வரும். அதற்கு அம்மா எழுந்து நின்று கண்ணாடியைப் பார்த்து ஒரு வணக்கம் போடுவாள்.

நாடகத்துக்கு முதல் நாள் மத்தியானம், வெயில் இறங்க ஆரம்பித்த நேரம். சித்தி காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். அம்மா முக்காலியில் உட்கார்ந்து பட்டாணியின் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மேடைக்கான துண்டில்லை, நிஜத் துண்டு. பட்டாணியின் வாய் துடைக்க, கழுத்துக்கு அடியில் வைக்க தினமும் ஒரு கூடை துண்டு வேண்டும். மறுநாள் பேச வேண்டிய வசனத்தை அவள் உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று சின்னக் கத்தல். ஒரு நீளக் கத்தல்.

அடிப்பாவி, கடைசி நாள்கூட விடமாட்டேங்கிறாளே என்று அவள் நினைத்தாள். உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த வெள்ளைத் துண்டை விரித்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, உள்ளங்கையால் ஒரு முறை நீவி, அடுக்கின் மேல் வைத்தாள். கால் கல்லாக இருந்தது. கட்டை விரல்கூட ஆடவில்லை. அதை உணர்ந்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சபாஷ் வரவில்லை. அலாரம் கத்திக்கொண்டே இருந்தது.

அவள் கூடையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தாள். எடுத்து விரித்தாள். வீட்டில் அந்தச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை, அவளுக்குள்ளோ அந்தச் சத்தம்கூட இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உடம்பு முழுக்க ஒரு ஓய்வு பரவியது. எழுந்திருக்க வேண்டாம் என்று யாரோ சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தாள். நீவினாள்.

"என்னக்கா உக்காந்திருக்கே!"

மாடிப்படியிலிருந்து தங்கையின் அலறல். தடதடவென்று கால் சத்தம். கையிலிருந்த துணியெல்லாம் அந்தக் காலியான வழியில் சிதற, சித்தி உள்ளறைக்குள் பாய்ந்தாள். அக்காக்காரி அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். கண்ணாடியில் பட்டாணியின் முகம் தெரிந்தது. உதடு நாவல்பழ நிறம். டேப்லெட் கட்டிலுக்குக் கீழே தரையில் கிடந்தது. பட்டாணியின் கண் திறந்திருந்தது, அது நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் அவள் ஓடினாள். விழுந்து கிடந்த துணியில் கால் சிக்கித் தடுமாறி, முட்டி கதவில் இடித்து ஓடினாள். சளி கட்டியாகிக் குழாயையே மூடியிருந்தது. சளி எடுக்கிற டியூப்பால் உறிஞ்சிப் பார்த்தார்கள், வரவில்லை. "குழாய மாத்துக்கா, குழாய மாத்து!" என்று சித்தி கத்தினாள். பழையதை உருவி, புதியதைச் செருகி, ரப்பர் பையைப் பொருத்தி அம்மா கையால் அமுக்கினாள். நெஞ்சு எழும்பவில்லை. மறுபடி அமுக்கினாள். "கண்ணு, என் கண்ணு, என்னைப் பாரு, அம்மா வந்துட்டேன் பாரு." தான் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மெதுவாக, வேண்டா வெறுப்பாக, அந்தச் சின்ன நெஞ்சு ஒரு தடவை எழும்பியது. பிறகு இன்னொரு தடவை.

ஆம்புலன்சில் வந்த டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். கண்ணில் வெளிச்சம் அடித்தார், விரலை அழுத்தினார், கேள்வி கேட்டார், பட்டாணி கண்ணசைத்துப் பதில் சொன்னாள். தப்பித்தாள், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கையைவிட்டுப் போயிருப்பாள் என்றார். எப்படி இவ்வளவு தாமதமாயிற்று என்று கேட்டார். சித்தி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். நீளமான நாக்கு அன்றைக்கு அக்காவைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நாங்க மாடியில துணி எடுத்துட்டிருந்தோம் டாக்டர்," என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போனபிறகு பட்டாணிக்குக் குரல் வந்தது. கரகரப்பாக, ரொம்பச் சன்னமாக வந்தது.

"அம்மா... நீ காலே ஆட்டல."

அம்மா குழந்தையின் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"கண்ணாடில பாத்துட்டே... இருந்தேன். நல்லா பண்ணினே. நாளைக்கும்... இப்படியே பண்ணு." மெஷின் இரண்டு மூச்சு தள்ளியது. பட்டாணி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில், கணக்குப் புரியாத பிள்ளையின் முகமாக இருந்தது. "ஆனா... ரெண்டாவது துண்டு... எதுக்கும்மா மடிச்சே? நாடகத்துல... ஒண்ணுதானே?"

"தெரியாமடி. நீதான் விளையாடறேன்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். முதல் துண்டுக்கு அந்தப் பதில் சரி. ஒத்திகை ஒரு துண்டைத் தாண்டியதே இல்லை. சபாஷ் வராத அந்த இடத்தில், கூடைக்குள் கை போன அந்த இடத்தில், அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்ததா? அந்த ஓய்வு எங்கிருந்து வந்தது? டைரக்டர் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு அவ்வளவு அவசரமாக இல்லை என்று சொன்னோமே, அது ஏன்? தோண்டிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பட்டாணி பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், அப்புறம் கேட்கவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. சித்தி எடுத்தாள். கடைசி ஒத்திகைக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று டைரக்டர் கேட்டார்.

"அவ வரமாட்டா. உங்க பொம்மையையே அம்மாவாவும் நடிக்கச் சொல்லுங்க," என்றாள் சித்தி. வைத்துவிட்டு, சிதறிய துணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அக்காவிடம் ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு. சித்தி அன்று தன் வீட்டுக்குப் போகவில்லை. கூடத்தில் பாயை விரித்து, படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

விளக்கு வைத்து நேரமானது. பட்டாணி படுத்ததும் தூங்குகிற பிள்ளை. மெஷினின் சத்தமே அவளுக்குத் தாலாட்டு, கத்தினால் அம்மா வருவாள் என்ற பிறகு அவளுக்கு என்ன கவலை? அன்றைக்கு அம்மா அடுக்களையில் பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கண்ணாடியில் அந்தக் கண்கள் திறந்தே இருந்தன. பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டுப் பார்த்தாள். திறந்தே இருந்தன. அடுப்பைத் துடைத்தாள், கை கழுவினாள், முக்காலியை இழுத்து உட்காரப் போனாள்.

"அம்மா."

பட்டாணியின் குரல் அவ்வளவு சின்னதாக அவள் கேட்டதே இல்லை.

"என்னடா கண்ணு? தூங்கு. அம்மா இங்கதான் இருக்கேன்."

"உக்காராதம்மா."

அம்மா முக்காலியைப் பிடித்தபடி பாதியில் நின்றாள்.

"நீ நின்னுட்டே... இருந்தா... நான் தூங்கறேன்."

அவள் முக்காலியைக் காலால் சுவரோரம் தள்ளினாள். கண்ணாடிக்கு நேராக வந்து, பட்டாணிக்குத் தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி நின்றாள்.